நூற்றிருபது கல்

பொய் சொன்னால் தாயாரம்மாளுக்கு மூக்கு நுனி வேர்த்துவிடும். கல்யாணமான மூன்றாம் மாதமே செல்லப்பன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். குழம்பில் உப்பைக் கொட்டிவிட்டு "சரியாத்தான் போட்டேன்" என்று அவள் சாதித்த அன்று, மூக்கு அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷமாக அவள் புருஷனிடம் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் போன புரட்டாசியில்தான் வந்தது, அதுவும் சிமெண்ட் கல்லால் வந்தது.

பாகூரிலிருந்து குருவிநத்தம் போகிற ரோட்டில், முன்பு கரும்பு நின்ற ஒரு மேட்டு நிலத்தில் காலேஜ் ஹாஸ்டல் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. வேலையை எடுத்தது பாண்டியில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கம்பெனி. ஆள் கொண்டுவந்தது நாகராஜன் மேஸ்திரி. நான்கு கொத்தனார்கள், அவர்களுக்குக் கலவையும் கல்லும் எடுத்துக் கொடுக்க எட்டு சித்தாள்கள். செல்லப்பன் கொத்தனார், தாயாரம்மாள் அவனுடைய சித்தாள். வீட்டில் சோறு போடுகிறவளே வேலையிலும் கலவை போட்டாள்.

நாகராஜன் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தன் சுவர் முடிந்தால் எவனும் உட்கார மாட்டான். கரண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சுவருக்குப் போவான். 'கை குடுக்கறது' என்று அதற்குப் பெயர். யார் சுவர் முதலில் முடிந்தது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கடைசிச் சுவர் முடிந்த பிறகுதான் எல்லோரும் ஒன்றாகக் கை கழுவுவார்கள். இந்தப் பழக்கத்தில்தான் செல்லப்பன் இரண்டு வருஷமாகப் பிழைத்துக் கிடந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு சாரம் சரிந்து வலது தோளில் விழுந்தான். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. நெஞ்சு உயரம் வரைக்கும் சுவர் வைக்கும்போது பழைய செல்லப்பன்தான். அதற்கு மேல் ஒரு கல் வைப்பதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தரம் கண்ணை மூடித் திறப்பான். மற்றவர்கள் நாளைக்கு எண்பது கல் வைத்தால் அவன் அறுபதைத் தாண்டினாலே பெரிது. மிச்சத்தைக் கூட இருந்த கொத்தனார்கள் குணாவோ முத்துக்குமரனோ வந்து போட்டுவிடுவார்கள். மேஸ்திரிக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது.

அப்போதுதான் ஃபர்ஹானா வந்தாள். பாகூர் கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் உதுமான் பாயின் மகள். இன்ஜினீயருக்குப் படித்து, அந்தக் கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. முக்காட்டுக்கு மேல் மஞ்சள் ஹெல்மெட், கையில் ஒரு அட்டை, கழுத்தில் தொங்கும் போன். சித்தாள்கள் பாதிப் பேர் அவளை மூக்கு ஒழுகின காலத்திலேயே பார்த்தவர்கள். அதனால் "மேடம்" என்று ஒரு தரமும் "பாப்பா" என்று ஒரு தரமும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள்.

"யாரும் பயப்படாதீங்க. நேரம் எங்க போவுதுன்னு பாக்கறதுக்குத்தான் என்னை அனுப்பிச்சிருக்காங்க" என்றாள் ஃபர்ஹானா.

"அது எங்க பாப்பா போவப் போவுது? இங்கதான் எங்கயாவது மண்ணுல பொதஞ்சி கெடக்கும்" என்றான் குணா.

அவளும் சிரித்துவிட்டாள். பிறகு குரலை இறக்கினாள். "வியாழக்கெழம ஒவ்வொரு கொத்தனாரும் எத்தினி கல்லு வைக்கறாங்கன்னு எண்ணணும் அண்ணா. மழைக்கு முன்னாடி சுவரு ஏறணுமாம். தொண்ணூறுக்குக் கீழ போறவங்க வேணாம்னு ஆபீஸ்ல சொல்றாங்க." இதைச் சொல்லும்போது அவள் தரையைத்தான் பார்த்தாள்.

தாயாரம்மாள் பயத்தோடு புருஷன் தோளைப் பார்த்தாள். சோற்றைப் பற்றிய பயம் இல்லை. மகளைக் கடலூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இரண்டு வயிறுதானே, அவள் ஒருத்தி கூலியில் எப்படியாவது ஓடும். அவள் பயந்தது வேறு ஒன்றுக்கு. அடிபட்டு நான்கு மாதம் வீட்டில் கிடந்தபோது செல்லப்பன் எப்படி இருந்தான் என்று அவளுக்குத்தான் தெரியும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பான். தலை சீவ மாட்டான். "இன்னா கொழம்பு வைக்கட்டும்?" என்று கேட்டால், "எதுனா வையி" என்பான். மீன் குழம்புக்கு அரைக்கிற மசாலாவில் மிளகு குறைந்தால் அம்மியிலேயே கண்டுபிடிக்கிற மனுஷன், "எதுனா வையி" என்றான். அந்த நான்கு மாதம் இன்னொரு தரம் வந்தால் அவளால் தாங்க முடியாது.

புதன்கிழமை சாயந்திரம் அவன் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனதும் மற்றவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"எப்பா குணா, நாளைக்கு ஒரு நாளு. அந்த மனுசன் தொண்ணூறத் தொட்டா போதும். நீங்க கை குடுக்கறது தெனமும் குடுக்கறதுதான? நாளைக்கு அவருக்குத் தெரியாம குடுங்க."

"அண்ணனுக்கு ஏன் தெரியக் கூடாது?" என்றான் முத்துக்குமரன்.

"தெரிஞ்சா அவரே பாப்பாகிட்ட போயி, இத்த நான் வைக்கலன்னு சொல்லிடுவாரு. அந்த மாதிரி ஆளுன்னு ஒனக்குத் தெரியாதா?"

குணாவுடைய சித்தாள் பிரேமா, நல்லவாட்டிலிருந்து வருகிறவள், புருஷன் கடலுக்குப் போகிறவன். அவள்தான் முதலில் சரி என்றாள். "நாங்க எல்லாம் வெள்ளனவே வந்து கல்ல சுவரு ஓரமா அடுக்கிடறோம் தாயாரக்கா. கல்லுக்காவ எவனும் காத்துகினு நிக்க வேணாம்."

அப்படியே வந்தார்கள். லாரி எப்போதும் கல்லை வாசல் கேட் அருகிலேயே தட்டிவிட்டுப் போய்விடும். உள்ளே சேறு, சக்கரம் புதைந்துவிடுமாம். அங்கிருந்து தலையில் இரண்டு இரண்டாகச் சுமந்து வர வேண்டும். வியாழக்கிழமை விடிகிற நேரத்துக்கே எட்டுப் பெண்களும் அந்த நடையை முடித்துவிட்டார்கள். ஒவ்வொரு சுவருக்குக் கீழேயும் கல் அடுக்கு, தொட்டியில் தண்ணீர், கலவை தயார். ஃபர்ஹானா ஏழரை மணிக்கு வந்து போனைத் தட்டியபோது நான்கு கொத்தனார்களும் பறந்துகொண்டிருந்தார்கள். இன்ஜினீயர் பார்க்கிறாள் என்றால் மானம் ஒன்று இருக்கிறதே!

செல்லப்பனுக்கு வந்த சுவர் மூலை திரும்புகிற சுவர். நீளப் பக்கம் பன்னிரண்டடி, திரும்பினால் எட்டடி. காலையில் மூலைக் கல்லைத் தூக்குக்குண்டு போட்டு ஏற்றிவிட்டு நீளப் பக்கத்தில் நின்றான். அங்கிருந்து பார்த்தால் திரும்பின பக்கம் தெரியாது. மத்தியானம் கூழும் கருவாடும் சாப்பிட்டு, தோள்வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சிமெண்ட் சாக்கை விரித்துப் படுத்தான். அந்த மாத்திரை போட்டால் முக்கால் மணி நேரம் ஆளை அடித்துப் போட்ட மாதிரி தூக்கம்.

ஃபர்ஹானா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். குணாவும் முத்துக்குமரனும் சோற்றை அரைகுறையாக விழுங்கிவிட்டு மூலைக்குப் பின்னால் ஓடினார்கள். கலவையைப் பரப்புவதும் கல்லை வைப்பதும் தட்டுவதுமாக வரிசை ஏறியது. அப்படியும் நேரம் போதவில்லை. தாயாரம்மாள் புருஷன் தலைமாட்டில் கிடந்த கரண்டியைப் பார்த்தாள். சித்தாள் கரண்டியைக் கழுவிக் கொடுக்கலாம், பிடிக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தப் பெண்ணும் பிடித்துப் பார்த்ததில்லை. அவள் எடுத்தாள்.

இத்தனை வருஷம் அவன் எதிரில் நின்று பார்த்தது வீண் போகவில்லை. நூலுக்குச் சரியாகக் கல்லை வைத்து, கரண்டிக் கட்டையால் இரண்டு தட்டு தட்டினாள். மேல் வரிசைகளில் பதினோரு கல் வைத்தாள். செல்லப்பன் புரண்டு படுத்தபோது கரண்டி கழுவித் துடைத்து அவன் தலைமாட்டுக்கே வந்திருந்தது.

சாயந்திரம் ஃபர்ஹானா அட்டையில் எழுதிக்கொண்டே வந்தாள். குணா நூற்றுப் பதினாறு. முத்துக்குமரன் நூற்றுப் பன்னிரண்டு. நான்காவது கொத்தனார் அருள்முருகன் நூற்றுப் பதினைந்து. செல்லப்பன் சுவரை மூலை திரும்பி எண்ணிவிட்டு அவள் கத்தியே விட்டாள்.

"நூத்திருவது! அண்ணா, நீங்கதான் ஃபர்ஸ்ட்டு!"

தாயாரம்மாளுக்குப் பக்கென்றது. தொண்ணூறைத் தொடட்டும் என்றுதான் அவள் கேட்டாள். பாவிகள் ஆசையோடு சுவரையே முடித்துவிட்டார்கள்.

"நூத்திருவதா? நானா?" செல்லப்பன் மூலையைத் திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பின்ன யாரு? காலையில நீதான வச்ச. மாத்திர மயக்கத்துல மறந்துட்டியா?" என்று தாயாரம்மாள் கத்தினாள். சொல்லி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா வெயிலு, சாயந்தரத்துலகூட" என்றாள்.

அவன் சுவரிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சிரித்தான்.

அன்றைக்கு வீடு வீடாக இருந்தது. பிரேமா கொடுத்தனுப்பிய சங்கரா மீனை அவனே ஆய்ந்தான். தலை சீவினான். "மொளவு பத்தல" என்று அம்மிப் பக்கம் வந்து நின்றான். மகளுக்குப் போன் போட்டு, "ஒங்க அப்பன் இன்னிக்கு நூத்திருவது கல்லு வச்சேன்டி" என்றான். தாயாரம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கண்ணில் நீர் வர வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு பொய்யால் இவ்வளவு நல்லது நடக்குமென்றால் இருபத்தேழு வருஷத்தில் நான்கைந்து சொல்லியிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது.

திங்கட்கிழமை சிமெண்ட் கொட்டகைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஃபர்ஹானா அதைப் படித்துச் சொல்லும்போது அவள் முகமும் அந்தத் தாளைப் போலத்தான் வெளுத்திருந்தது. இனிமேல் கொத்தனாருக்கு ஒரு நாளைக்கு நூற்றுப் பதினைந்து கல். மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால் நான்காம் நாள் வர வேண்டாம்.

"நான் கணக்கத்தான் அனுப்பினேன்" என்றாள் அவள். "தோளுல அடிபட்ட மாதிரி கைய வச்சிகினு நடக்கற அண்ணனே நூத்திருவது வச்சாருன்னு பெருமையா வேற சொல்லிட்டேன். அவரே வச்சா மத்தவங்களுக்கு இன்னா கேடுன்னு கேக்கறாங்க."

திங்களும் செவ்வாயும் பட்ட பாட்டை நாகராஜன் ஆட்கள் அதுவரை பட்டதில்லை. வியாழக்கிழமை ஒரு நாள் ஓடலாம், தினமும் ஓட முடியுமா? இருட்டிலேயே வந்து கல் அடுக்க எந்தப் பெண்ணால் முடியும்? கொத்தனார் கல்லுக்காகக் கத்த, சித்தாள் கேட்டுக்கும் சுவருக்குமாக ஓட, ஓட்டத்தில் சேறு வழுக்கியது. குணா அவசரத்தில் காலில் கல்லைப் போட்டுக்கொண்டு கட்டைவிரல் நகம் கருத்துப் போய் நொண்டினான். சந்துகளில் கலவை சரியாக நிரம்பாமல் வெளிச்சம் தெரிந்தது. ஒதுங்குவதற்குச் சவுக்குத் தோப்பு வரைக்கும் போய்வர நேரமாகிறது என்று பிரேமா தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினாள். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஒன்று. யாரும் யாருக்கும் கை கொடுக்கவில்லை. தன் கல்லை எண்ணவே அவனவனுக்குப் பொழுது போதவில்லை.

செல்லப்பன் திங்கள் அறுபத்தொன்று, செவ்வாய் ஐம்பத்தெட்டு. மற்றவர்களும் நூறைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கை கழுவுகிற இடத்தில் பிரேமா பிடித்துக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது.

"தாயாரக்கா, நீ நல்லதுக்குத்தான் பண்ண. நானும்தான் கூட சேந்து பண்ணேன். ஆனா ஒன் வூட்டுக்காரரு நூத்திருவதுன்னு எழுதிகினு போனது இப்ப எல்லார் தலையிலயும் இல்ல வுழுந்துகீது?"

"தெரியுது பிரேமா."

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற?"

"பாப்பாகிட்ட சொல்லிடறேன். நாளைக்குக் காலையில."

பிரேமாவின் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. "சொன்னா அண்ணன் வேல பூடுமேக்கா."

"பூடும்" என்றாள் தாயாரம்மாள். "அதகூட வுடு. அந்த நூத்திருவது அவரு வைக்கலன்னு அவரு முன்னாடி சொல்லணுமே, அதான்." பிரேமா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவள் எழுந்து பார்த்தபோது செல்லப்பன் பாயில் இல்லை. சைக்கிளும் இல்லை. அவளுக்கு என்னென்னவோ தோன்றியது. தலையை அள்ளி முடிந்துகொண்டு ரோட்டில் கிட்டத்தட்ட ஓடினாள். இரவு பெய்த தூறலில் வயல் வரப்பெல்லாம் ஈரம். கொக்குகள் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தன. இதை எல்லாம் அவள் பார்க்கவில்லை.

கேட்டுக்குள் நுழைந்ததும் சைக்கிள் தெரிந்தது, பக்கத்திலேயே ஃபர்ஹானாவின் ஸ்கூட்டி. மூலைக்குப் பின்னாலிருந்து பேச்சு கேட்டது. தாயாரம்மாள் போய் நின்றாள்.

செல்லப்பன் கையில் சாக்பீஸ். அந்த எட்டடிச் சுவரில் கல்லுக்குக் கல் எழுதிக்கொண்டிருந்தான்.

"இது குணா வச்சது" என்று ஒரு கல்லில் 'கு' போட்டான். "அவன் கலவைய அள்ளி வைப்பான். பாரு, கீழ பிதுங்கிகினு நிக்குது. இது முத்துக்குமரன். சந்துல கரண்டி மொனையால ஒரு இழுப்பு இழுத்துட்டுத்தான் அடுத்த கல்லுக்குப் போவான். இந்தப் பக்கத்துல என்னுது மூலையில கீற மூணே கல்லு. அந்தப் பக்கம் எழுவத்திரண்டு. ஆகமொத்தம் எழுவத்தஞ்சி பாப்பா. அதுவும் அன்னிக்கு மானத்துக்கு வச்சது. தெனமும் வராது. தோளு மேல எழும்பாது. எழுதிக்கோ."

ஃபர்ஹானா எழுதவில்லை. அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். செல்லப்பன்தான் வெள்ளென உதுமான் பாய் வீட்டுக் கதவைத் தட்டி அவளை அழைத்து வந்திருக்கிறான்.

"யோவ்" என்றாள் தாயாரம்மாள். "தெரிஞ்சிகினேதான் இருந்தியா?"

அவன் திரும்பிப் பார்த்தான். "என் கை எனக்குத் தெரியாதா? அப்படியே தெரியலன்னாலும் ஒன் மூக்கு தெரியாதா?"

"அப்பறம் இன்னாத்துக்கு அன்னிக்கு ஒண்ணும் சொல்லல? மகளுக்குப் போன் வேற போட்ட?"

"நீ சிரிச்சிகினு இருந்தடி" என்றான் அவன். "நான் வுழுந்ததுலேருந்து நீ அப்படிச் சிரிச்சி நான் பாக்கல. அத்தக் கெடுக்க மனசு வரல. அது இத்தினி பேரு தலையில விடியும்னு எனக்கு இன்னா தெரியும்? நேத்து பிரேமா ஒதட்டப் பாத்தேன். அதுக்கு மேல சும்மா இருக்க முடியல."

தாயாரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் வந்தது, இந்த மனுஷனை நான்கு அறை விடலாம் போலவும் வந்தது.

ஃபர்ஹானா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் வரிசைகளில் சில கற்களில் 'தா' என்று எழுதியிருந்தது. எண்ணினாள். பதினொன்று.

"இது யாரு அண்ணா, 'தா'?"

"யாரு, இவதான். என் கரண்டியாலயே வச்சிருக்கா. நான் தட்டற மாதிரியே ரெண்டு தட்டு. ஆனா நான் கல்லுக்கு இடப்பக்கம் தட்டுவேன். இவ எதுத்தாப்புல நின்னு பாத்துப் பழகினவ, அதனால வலப்பக்கம் தட்டியிருக்கா. அந்த மொன கொஞ்சம் தேஞ்சிகீது பாரு."

ஃபர்ஹானா பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து அந்தக் கற்களின் மேல் வைத்தாள். குமிழ் அசைந்து அசைந்து நடுவில் வந்து நின்றது. இன்னொன்றில் வைத்தாள். அதிலும் நின்றது.

"நாப்பத்தஞ்சி கல்லு" என்றாள் தனக்குள்ளே பேசுகிற மாதிரி. "மூணு பேரு. நான் சாப்புட்டு வர்றதுக்குள்ள. எப்படி?"

"கல்லு காலடியில இருந்துது பாப்பா" என்றாள் தாயாரம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நாங்க விடியும்போதே வந்து அடுக்கி வச்சோம். தெனமும் கேட்டுலேருந்து சொமந்துகினு வரவே பாதிப் பொழுது பூடும். கொத்தனாரு கரண்டியப் புடிச்சிகினு நின்னுகினு இருப்பாரு."

ஃபர்ஹானா ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நேரம் எங்க போவுதுன்னு பாக்கத்தான் வந்தேன். ஆளையே எண்ணிகினு இருந்துட்டேன். நடைய எண்ணவே இல்ல."

ஆட்கள் எல்லாம் வந்து சேர்ந்து, விஷயம் தெரிந்து, சுவரைச் சுற்றி நின்றபோது அவள் ஆபீசுக்குப் போன் போட்டாள். மறைவாகப் போகவில்லை, எல்லோருக்கும் நடுவிலேயே நின்று பேசினாள். நான் அனுப்பின கணக்கு தப்பு சார் என்றாள். சேற்றில் ஜல்லியைக் கொட்டி வழி போட்டால் லாரி சுவர் வரைக்கும் வரும் என்றாள். பெண்களுக்கு இங்கேயே ஒரு மறைப்புக் கட்ட வேண்டும் என்றாள். ஆள் கணக்கு வேண்டாம், நாலு பேருக்கும் சேர்த்து நானூறு கல் என்று ஒரே கணக்காகக் கேளுங்கள், எப்படி வைக்கிறார்கள் என்று கேட்காதீர்கள் என்றாள். அந்தப் பக்கம் நிறைய கத்தல் கேட்டது. அவள் காதைவிட்டுப் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "சரி சார். ஒரு வாரம். நானூறு வரலன்னா நானே வேலைய விட்டுப் போயிடறேன் சார்" என்று வைத்தாள்.

"ஒரு வாரம் குடுத்திருக்காங்க" என்றாள் எல்லோரையும் பார்த்து.

"ஜல்லி வரட்டும் பாப்பா. நானூறு இன்னா நானூறு" என்றான் குணா, நொண்டிக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

நாகராஜன் மேஸ்திரி செல்லப்பனைப் பார்த்தார். "ஒன் சுவர இன்னா பண்றதுன்னு சொல்லு. நெஞ்சு வரைக்கும் நீ ஏத்திடுவ. அதுக்கு மேல?"

செல்லப்பன் குனிந்து கரண்டியை எடுத்தான். தொட்டித் தண்ணீரில் அலசித் துண்டில் துடைத்தான். கட்டைப் பக்கத்தை நீட்டித் தாயாரம்மாளிடம் கொடுத்தான்.

"நெஞ்சுக்கு மேல இவ" என்றான். "கரண்டி புடிச்சா கொத்தனாரு கூலிதான் மேஸ்திரி, அத்தையும் இப்பவே சொல்லிடறேன்."

யாரோ சிரித்தார்கள். பிரேமா, "நம்ம ஆளு ஒருத்தி மேல ஏறினா சரிதான்" என்றாள். தாயாரம்மாள் கரண்டியை வாங்கிக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதையே பார்த்தாள். இருபத்தேழு வருஷமாக அவள் கழுவிக் கொடுத்த பொருள், இப்போது கனமாக இருந்தது.

ஃபர்ஹானா அட்டையில் புதுத் தாள் ஒன்றைச் செருகி, கொத்தனார் என்று எழுதியிருந்த வரிசையில் ஐந்தாவதாக ஒரு பெயரை எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆபீஸ்ல கேப்பாங்கக்கா. இதுக்கு முன்னாடி சுவரு வச்ச பழக்கம் உண்டா?"

"ஓ! அது எத்தினியோ தடவ வச்சிருக்கேன்" என்றாள் தாயாரம்மாள்.

செல்லப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை இடது கையால் எடுத்து அவளிடம் நீட்டினான்.

"மூக்கத் தொடச்சிகினு வேலைய ஆரம்பிடி."